முக்கால் லீற்றர்

குச்சவெளியில் மழை
மூன்று நாளாய் விடவில்லை.
கிணறு கட்டுவரை ஏறி எட்டிப் பார்க்கிறது.
முற்றத்தில் இறங்கினால் கணுக்கால் காணோம்.
இத்தனை தண்ணீருக்கு நடுவில்
என் மனிசனுக்கு ஒரு நாளைக்கு
முக்கால் லீற்றர்.

பழைய சோடாப் போத்தல் ஒன்றில்
மகளின் நகப்பூச்சால்
ஐந்து சிவப்புக் கோடுகள் இழுத்து வைத்தேன்.
காலைக் குளிசைக்கு ஒன்று,
சோற்றோடு ஒன்று,
இடையில் விக்கலுக்கோ வெயிலுக்கோ இரண்டு,
கடைசிக் கோடு
ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்போது.
முதல் கிழமை
பத்து மணிக்குள் ஐந்தையும் குடித்துவிட்டு
மிச்சப் பகல் முழுக்க என்னை ஏசினார்.
இப்போது வாயில் வைத்து
நெடுநேரம் நனைத்துவிட்டுத்தான்
விழுங்குகிறார்.

திங்கள், புதன், வெள்ளி
விடிய ஐந்தரை பஸ்.
எனக்கும் கோடு போட்டுக்கொண்டது
அந்த யன்னலோரத்தில்தான்.
இறக்கக்கண்டிப் பாலம் வரை
காசைப் பற்றி நினைக்கலாம்:
அடகுக் கடை, வட்டி, விற்ற எஞ்சின்.
பாலம் தாண்டினால் அதைத் தொடக்கூடாது.
நிலாவெளி வரை மகளின் சோதனை.
சாம்பல்தீவில் ஒன்றுமில்லை,
தண்ணீர் நிற்கும் வெளியைப் பார்க்கலாம்,
கொக்குகளை எண்ணினாலும் சரி.
உப்புவெளி வந்த பிறகே
ஊசி, பிறஷர், நிலந்தி மிஸ்ஸியின் முகம்.
'எதுவரைக்கும் இப்படி' என்ற கேள்விக்கு
நான் சீற் கொடுக்கவில்லை.
அதுவும் எங்களோடு வருகிறதுதான்.
புட்போட்டில் தொங்கிக்கொண்டு வரட்டும்.

எல்லா நாளும் இது சரிவராது.
போன புதன்
பஸ் நிலையத்தில் செருப்பு வார் அறுந்தது.
ஆவணியில் டொக்டர் சொன்னபோது அழாதவள்
நூற்றைம்பது ரூபாய் வாருக்காக
நடு வழியில் நின்று விக்கி விக்கி அழுதேன்.
பக்கத்தில் ஒரு மான்
குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு
லஞ்ச் சீற் தின்றுகொண்டிருந்தது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தது,
திரும்பவும் தின்றது.
அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
"மற்றதையும் கழட்டு,
ஒண்டோட நடந்தா நொண்டுவாய்"
என்றார்.
ஆஸ்பத்திரி வரை
வெறுங்காலோடு மழையில் போனோம்.

நாலு மணித்தியாலம் மெசின் சுற்றும்.
பக்கத்துக் கட்டிலில் புல்மோட்டை மஹ்ரூப்.
"கடல் எப்பிடி, தயாபரன்?"
"வள்ளமெல்லாம் கரையில கவிண்டு கிடக்கு."
"காத்து மாறட்டும், பாப்பம்."
அந்த வார்டில் யாரும்
காற்று மாறுவதற்கு அப்பால் பேசுவதில்லை.
வெளியில் இருந்து வருகிறவர்கள்தான்
வருசக் கணக்கில் பேசுகிறார்கள்,
"தைரியமா இருங்கோ" என்கிறார்கள்,
தோடம்பழச் சாறு கொண்டு வருகிறார்கள்.
அதை நான் வாசலில் காவலாளிக்குக் கொடுத்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.
நான் தண்ணீர் குடிப்பது களவில்.
குசினிக் கதவைச் சாத்தி,
சுவர்ப் பக்கம் திரும்பி,
தொண்டை சத்தம் போடாமல்
அரைத் தம்ளர்.
பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன்,
பாணைத் திருடித் தின்ற பிள்ளை மாதிரி.

நேற்று ராத்திரி
தகரத்தில் மழை கல்லாய்க் கொட்டியது.
ஐந்தாவது கோடும் முடிந்துவிட்டது.
தூங்குகிறார் என்றுதான்
குசினிக்குள் போனேன்.

"தவம்."

நின்றேன்.

"டொக்டர் உனக்குத் தண்ணி மறிக்கேல்ல.
இஞ்ச வந்து குடி.
எனக்குச் சத்தம் கேக்கட்டும்."

செம்பு நிறைய அள்ளிக்கொண்டு வந்து
கட்டில் விளிம்பில் இருந்தேன்.
கை நடுங்கிக் கொஞ்சம் மார்பில் சிந்தியது.
முதல் மடக்கு இறங்கவே இல்லை.
இரண்டாவது இறங்கியது.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
மூன்று, நாலு
எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.
பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினால்,

"ம்," என்றார்,
"மிச்சம்?"